சின்னையா வீடு: இருக்கன்குடிப் பயணக் குழு

கதிர்: [புகைப்படம்] வேனில் இரண்டாவது பேட்டரி ஏற்றியாகிவிட்டது. ஒயரிங் மட்டும்தான் பாக்கி. சனிக்கிழமைக்குள் முடிந்துவிடும்.

பிரியா: அண்ணா, ஞாயிறு காலை 9 மணிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் ஆசாரி ஊசியைத் தொட மாட்டார்.

செல்வி சித்தி: பாப்பாவுக்குத் தோடு வாங்கியாயிற்றா?

பிரியா: அதைச் சித்தப்பாவிடம்தான் கேட்க வேண்டும்.

வசந்தா அத்தை: கதிர், என் இன்சுலின் இந்தத் தடவை கெடாமல் வந்து சேருமா? போன தடவை தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் உருகி அட்டையெல்லாம் ஊறிவிட்டது.

கதிர்: அதற்குத்தானே அத்தை இத்தனை பாடு. 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் வாங்கியிருக்கிறேன். 5 டிகிரியில் வைத்துவிடலாம்.

வசந்தா அத்தை: 2-க்குக் கீழேயும் போகக்கூடாது, 8-க்கு மேலேயும் போகக்கூடாது. உறைந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான்.

கணேசன் மாமா: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிளஸ்ஸிலிருந்து சிவப்பு ஒயர் நேராக சீட்டுக்கு அடியில் ஓடிப் பின்பக்கம் போகிறது. பேட்டரி பக்கத்தில் ஃப்யூஸ் எங்கே?

கதிர்: பின்னால் பெட்டியில் ஆறு ஃப்யூஸ் இருக்கிறதே மாமா.

கணேசன் மாமா: அந்த ஆறும் பெட்டியைத் தாண்டிப் போகிற ஒயர்களுக்குத்தான் காவல். பேட்டரிக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கிற ஒயருக்கு யார் காவல்? சீட்டின் கால் இரும்பு. வண்டி குலுங்கக் குலுங்க ஒயர் அதில் உரசித் தோல் உரிந்தால் பிளஸ் நேராக பாடியில் முட்டும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனால் தீப்பிடிக்கும். அந்த சீட்டின் மேல்தான் பிள்ளைகளைப் படுக்க வைக்கப் போகிறாய்.

கதிர்: பேட்டரிக்கு உள்ளேயே பாதுகாப்பு சர்க்யூட் இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னார்.

கணேசன் மாமா: அது பேட்டரியைக் காக்க வைத்தது. 100 ஆம்பியர் வரை பேசாமல் விட்டுவிடும். நீ போட்டிருக்கும் ஒயர் 6 சதுர மில்லிமீட்டர் போலத் தெரிகிறது, அது அதற்கு முன்பே கொதித்துவிடும். ஃப்யூஸ் ஃப்ரிட்ஜுக்காக வைப்பதல்ல, ஒயருக்காக வைப்பது. ஒயர் எவ்வளவு தாங்குமோ அதற்குக் கீழே ஃப்யூஸ் இருக்க வேண்டும். பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் முதல் ஃப்யூஸ் வந்தாக வேண்டும்.

முருகேசன் சித்தப்பா: ஒயரிங் செய்தவர் இருபது வருட அனுபவசாலி. நான் சொல்லி அனுப்பிய ஆள்.

கணேசன் மாமா: தெரிகிறது முருகேசா. கிரகப்பிரவேசத்துக்கு வந்த அதே ஆள்தானே?

முருகேசன் சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி சித்தி: அந்தப் பேச்சு இப்போது எதற்கு? சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று சொல்லுங்கள்.

பிரியா: புளியோதரை, தயிர்சாதம்.

வசந்தா அத்தை: காலையில் இட்லி.

செல்வி சித்தி: இட்லிக்குச் சட்னி? இன்வெர்ட்டர் இருந்தால் மிக்ஸியை வேனிலேயே ஓட்டிவிடலாமே.

கணேசன் மாமா: 750 வாட் மிக்ஸி 12 வோல்ட்டில் 60 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் 70. அதற்குச் சுண்டுவிரல் கனத்தில் ஒயர் வேண்டும், தனி ஃப்யூஸும் வேண்டும். இந்த வாரத்தில் முடியாது.

செல்வி சித்தி: தேங்காய்ச் சட்னி மதியம் வரை தாங்காது.

வசந்தா அத்தை: தக்காளித் தொக்கு செய்துகொள்ளலாம் செல்வி.

செல்வி சித்தி: பார்க்கலாம்.

முருகேசன் சித்தப்பா: மாடி கட்டியபோது மிஞ்சிய 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒரு சுருள் இருக்கிறது. ஃப்ரிட்ஜுக்கு அது போதாதா? புதிது எதற்கு?

கணேசன் மாமா: போதாது. ஃப்ரிட்ஜ் 5 ஆம்பியர் இழுக்கிறது என்று வை. போக 4 மீட்டர், வர 4 மீட்டர். அந்த ஒயரிலேயே 0.7 வோல்ட் போய்விடும். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் இன்னும் குறையும். வோல்ட் குறைந்தால் ஃப்ரிட்ஜ் தானாக நின்றுகொள்ளும், நடு இரவில் யாருக்கும் தெரியாது, உன் அக்காவின் மருந்து காலையில் சூடாக இருக்கும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.2 வோல்ட்தான் இழப்பு. பெட்டியில் அதற்கு 15 ஆம்பியர் ஃப்யூஸ், நீல நிறம். விளக்குகளுக்கு உன் சுருளைத் தாராளமாகப் போடலாம், 5 ஆம்பியர் ஃப்யூஸோடு.

வசந்தா அத்தை: இத்தனை அக்கறையை என்னிடம் நேரில் ஒரு நாளும் சொன்னதில்லை.

பிரியா: ❤️

கதிர்: எஞ்சின் பேட்டரியிலிருந்து சார்ஜருக்கு வரும் ஒயரில் ஒரு ஃப்யூஸ் போட்டுவிட்டோம் மாமா. அது சரிதானே?

கணேசன் மாமா: எஞ்சின் பக்கம் அது போதும். சார்ஜரிலிருந்து இரண்டாவது பேட்டரிக்கு வரும் ஒயரைப் பார். அங்கே மின்சாரம் பேட்டரியிலிருந்தும் திரும்பிப் பாயலாம், அதனால் பேட்டரி முனையிலும் ஒரு ஃப்யூஸ் கட்டாயம். எத்தனை ஆம்பியர் என்று சார்ஜரோடு வந்த கையேட்டில் போட்டிருக்கும், அதையே வாங்கு. தகட்டில் ஒயர் நுழையும் ஓட்டைகளுக்கெல்லாம் ரப்பர் வளையம். ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் எது எங்கே போகிறது என்று எழுதி ஒட்டு. இருட்டில் ஏதாவது நின்றுபோனால் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எந்த ஒயர் என்று தேடக்கூடாது.

முருகேசன் சித்தப்பா: இதற்கெல்லாம் செலவு?

கதிர்: நான் பார்த்துக்கொள்கிறேன் சித்தப்பா.

முருகேசன் சித்தப்பா: வேண்டாம். ஆளை அனுப்பியது நான். பாதி என்னுடையது.

பிரியா: சித்தப்பா, தோடு?

முருகேசன் சித்தப்பா: நாளை சொல்கிறேன் பாப்பா.

கணேசன் மாமா: நாளை மாலை, ஒயர் முனையில் லக் என்கிற உலோக வளையத்தை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் கருவியோடு வருகிறேன். அதுவரை பிளஸ்ஸைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி வை. முருகேசா, நீயும் வா. ஒயர் இழுக்க இரண்டு பேர் வேண்டும்.

முருகேசன் சித்தப்பா: வேலை முடிந்து வரப் பார்க்கிறேன் அத்தான்.

பிரியா: சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம்? யாராவது சொல்லுங்கள்.

செல்வி சித்தி: ராகுகாலம் 9-லிருந்து 10.30.

கதிர்: சாயங்காலம்தான் முடியும் போலிருக்கிறது.

கணேசன் மாமா: கதிர், பேட்டரி போல்ட் 6 மில்லிமீட்டரா, 8-ஆ? அளந்து சொல். லக் வளையத்தின் ஓட்டை அதற்குச் சரியாக இருக்க வேண்டும். கடை எட்டு மணிக்கு அடைத்துவிடுவார்கள்.