நன்கொடைக்கு வரம்பு வெச்சா அரசியல் சட்டத்துக்கு ஒத்து வருமா?

பாலக்கோட்டான்:
வணக்கம்ங்க. எங்க சித்தப்பா சட்டமன்றத் தேர்தல்ல சுயேச்சையா நின்னாரு, கணக்கு எழுதுனது நான்தான். டீ, சாப்பாடு, மைக் செட்டு, டாடா ஏஸ் வாடகைன்னு எல்லாத்துக்கும் ரேட் லிஸ்ட் குடுத்துருவாங்க, அதுப்படி நோட்ல எழுதி மூணு தடவ கொண்டு போய் காட்டணும். தக்காளி வித்த காசுதான் மொத்தமும், டெபாசிட் பத்தாயிரமும் போச்சு. இப்ப ஒரு வேட்பாளர் பண்ற செலவுக்கு வரம்பு 40 லட்சம்ங்கறாங்க, எங்களுக்கு அதுல பத்துல ஒரு பங்கு கூட இல்ல. அரசாங்கமே தேர்தல் செலவுக்கு காசு குடுத்து, நன்கொடைக்கும் வரம்பு போட்டா கோர்ட்ல நிக்குமா? அமெரிக்காவுல செலவு பண்றதே பேச்சுரிமைன்னு சொல்லிட்டாங்களாமே?

காவேரிப்பட்டணம் வக்கீல்:
தம்பி, அது 1976 பக்லி வழக்கு. ஒருத்தர் வேட்பாளருக்கு குடுக்கற நன்கொடைக்கு வரம்பு போடலாம், ஏன்னா பெருசா வாங்குனவன் பதிலுக்கு ஏதாவது செஞ்சு குடுக்க வேண்டி வரும், ஆனா வேட்பாளர் பண்ற செலவுக்கு வரம்பு போட்டா அது பேச்சுக்கே பூட்டு போடறதுன்னு அந்த உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. ஜனாதிபதி தேர்தலுக்கு அரசுப் பணம் குடுக்கறது செல்லும்னும் சொன்னாங்க, விருப்பப்பட்டு வாங்கறவங்க செலவு வரம்புக்கு கட்டுப்படணும். இங்க பார்வையே வேற. 1974ல கன்வர்லால் குப்தா வழக்குல, பணபலம் இருக்கறவன் மத்தவங்கள அமுக்கிடக் கூடாதுன்னுதான் வரம்பே இருக்குது, அதனால வேட்பாளருக்காக கட்சி பண்ற செலவும் அவரு கணக்குலதான் சேரும்னு தீர்ப்பு வந்துச்சு. அந்த வருஷமே சட்டத்த திருத்தி கட்சி செலவ வெளிய எடுத்துட்டாங்க. இன்னிக்கும் கட்சிக்கு வரம்பே கிடையாது. என் மனசு ஆறாத இடம் இதுதான், கதவ பூட்டிட்டு சுவர இடிச்சு விட்ட மாதிரி.

ஓசூர் ஆடிட்டர்:
கம்பெனி நன்கொடைக்கு முன்னாடி வரம்பு இருந்துச்சு, மூணு வருஷ சராசரி லாபத்துல 7.5 சதவீதம். 2017ல எடுத்துட்டாங்க, நஷ்டத்துல ஓடற கம்பெனியும் குடுக்கலாம்னு ஆயிடுச்சு. குடுத்தவங்க பேரு வெளிய தெரியாம கட்சிக்கு பணம் போக வழி பண்ணுன தேர்தல் பத்திரம் பத்தி 2024 பிப்ரவரி 15 நம்ம உச்ச நீதிமன்றம் குடுத்த தீர்ப்புல, அஞ்சு நீதிபதிகளும் அதையும் சேத்து ரத்து பண்ணாங்க. யார் காசு குடுத்தாங்கன்னு ஓட்டு போடறவனுக்கு தெரியணும், அது அரசியல் சட்டம் 19(1)(அ) குடுக்கற பேச்சுரிமையில சேர்ந்தது, அளவில்லாம குடுக்க விட்டது சமத்துவத்த சொல்ற 14வது பிரிவுக்கு விரோதம்னாங்க. அப்ப வரம்பு போடறது தப்புன்னு எப்படிங்க சொல்ல முடியும்?

பென்னாகரம் அக்கா:
அரசுப் பணம்னு ஆசப்படாதீங்க தம்பி. தேர்தல் செலவுக்கு அரசுப் பணம் குடுக்கலாமான்னு பாத்த இந்திரஜித் குப்தா கமிட்டி 1998ல சொன்னதே அங்கீகாரம் வாங்குன கட்சிகளுக்கு மட்டும், அதுவும் ரொக்கமா இல்ல, பொருளா. சுயேச்சைக்கு கிடையாது. உங்க சித்தப்பா கட்டற வரியில பெரிய கட்சிக்கு பெட்ரோல் போடற கதை ஆயிடும், அப்படி ஒரு சட்டம் வந்தா சமத்துவத்த சொல்லி கேஸ் போடணும்.

காவேரிப்பட்டணம் வக்கீல்:
அக்கா கேட்டது நியாயம்தான். தம்பி, ஒண்ணு மறந்துட்டேன், கடைசிக் கணக்கு குடுத்துட்டு ரசீது வாங்குனீங்களா? ரிசல்ட் வந்து 30 நாளுக்குள்ள குடுக்கலன்னா தோத்தவங்களையும் மூணு வருஷம் தகுதி நீக்கம் பண்ணலாம்.

பாலக்கோட்டான்:
வாங்கிட்டேங்க, சீல் போட்ட பேப்பரு பீரோல இருக்கு.