கிரே கிளி மார்பு இறகைப் பிடுங்கிக்கொண்டே இருக்கிறது, என்ன செய்வது?

உறைபனி_ஊட்டி:
எங்கள் ஆப்பிரிக்கன் கிரே சுப்புவுக்கு ஆறு வயது. (வெளிநாட்டுக் கிளி வளர்ப்பவர்கள் பதிய வேண்டிய அரசு இணையதளம் பரிவேஷில் பதிவு செய்தாகிவிட்டது, அதைக் கேட்டு யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.) டிசம்பர் நடுவில் இருந்து மார்பு இறகைப் பிடுங்குகிறது. வழக்கமாக இறகு உதிர்வதுதானே என்று முதலில் விட்டுவிட்டேன். இப்போது கழுத்துக்குக் கீழே இருந்து கால் வரை கோழியை உரித்த மாதிரி தோல் தெரிகிறது, அங்கங்கே சாம்பல் நிறப் பஞ்சு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தலை நன்றாக இருக்கிறது. சாப்பாடு சூரியகாந்தி விதை, நிலக்கடலை, எப்போதாவது ஆப்பிள். ராத்திரி பனி கொட்டுவதால் ஹாலில் ரூம் ஹீட்டர் ஓடும், கூண்டும் அங்கேதான். மகள் நவம்பரில் கோவைக்கு வேலைக்குப் போய்விட்டாள், சுப்பு அவளிடம்தான் அதிகம் ஒட்டும், அந்த ஏக்கமோ என்றும் தோன்றுகிறது. கிளியை விற்றவர் வேப்பெண்ணெய் தடவச் சொல்கிறார், பக்கத்து வீட்டு அக்கா யூகலிப்டஸ் தைலம் என்கிறார். எதைச் செய்யட்டும்?

கோத்தகிரி கூண்டுக்காரன்:
சார், இரண்டும் வேண்டாம். இறகில் எண்ணெய் ஏறினால் குளிர் தாங்காது, ஊட்டி ஜனவரியில் அது உயிருக்கே ஆபத்து. தடவியதை அலகால் கோதிக் கோதி விழுங்கவும் செய்யும். தைல நெடி நமக்கு மூக்கடைப்பை எடுக்கும், கிளியின் நுரையீரலுக்கு ஆகாது.

தலை நன்றாக இருக்கிறது என்றீர்களே, அதுதான் விஷயம். அதன் அலகு எட்டாத ஒரே இடம் தலைதான். ஆக, தானேதான் பிடுங்குகிறது. தலையிலும் கொட்டியிருந்தால் வைரஸ் நோயா, கூட இருக்கும் இன்னொரு கிளி பிடுங்குகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் தானே பிடுங்குகிறது என்பதால் உடம்பில் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. கல்லீரல் கோளாறு இருக்கலாம், குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம், துத்தநாகம் பூசிய கூண்டுக் கம்பியைக் கடித்து அந்த விஷம் ஏறியிருக்கலாம். ஏக்கம் என்று நாமே முடிவு கட்டுவதற்கு முன்னால் ரத்தமும் எச்சமும் பரிசோதித்துவிடுங்கள். பறவை பார்த்துப் பழகிய டாக்டர்தான் வேண்டும், கோவையில் விசாரியுங்கள், கிடைக்காவிட்டால் நாமக்கல் கால்நடைக் கல்லூரி.

வெலிங்டன் வாசி:
எனக்கு ஹீட்டர் மேல்தான் சந்தேகம். கிரே என்பது ஆப்பிரிக்க மழைக்காட்டுக் கிளி, அதற்கு ஈரக்காற்று பழக்கம். பனிக்காலத்தில் நம் ஊர்க் காற்றே வறண்டு கிடக்கும், அதன் மேல் ராத்திரி முழுக்க ஹீட்டரும் ஓடினால் நம் உதடு வெடிக்கிற மாதிரிதான் அதன் தோலுக்கும். வெயில் ஏறியதும், பதினொரு மணி வாக்கில், வெதுவெதுப்பான தண்ணீரை ஸ்பிரேயரில் மழைத்தூறல் மாதிரி அடியுங்கள், சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட வேண்டும். நான்-ஸ்டிக் பூச்சு இருக்கிற ஹீட்டரா என்றும் பாருங்கள், அந்தப் பூச்சு அதிகமாகச் சூடேறினால் வருகிற புகை கிளியை நிமிஷத்தில் கொன்றுவிடும். தோசைக்கல்லுக்கும் இதே கதைதான்.

அப்புறம் ஹாலில் டிவி எத்தனை மணி வரை? பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டில் தூங்கவிடுங்கள்.

பண்ணைக்காடு:
விதையும் கடலையும் மட்டும் என்றால் வைட்டமின் ஏ, கால்சியம் இரண்டுக்குமே வழியில்லை. கிரேக்களுக்குக் கால்சியம் சீக்கிரம் குறையும். கேத்தி கேரட் பக்கத்திலேயே விளைகிறது, துருவிக் கொடுங்கள், கீரை கொடுங்கள், கிளிக்கென்றே விற்கிற குருணைத் தீவனமான பெல்லட்டுக்கு மெதுவாக மாற்றுங்கள். கால்சியம் உடம்பில் சேர வெயிலும் வேண்டும், ஜன்னல் கண்ணாடி வழியாக வருகிற வெயில் போதாது, கூண்டைப் பாதி நிழலில் அரை மணி நேரம் வெளியே வையுங்கள். எங்கள் ஊரில் பட்டர் ஃப்ரூட் மலிவு என்று கிளிக்குக் கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம், அது கிளிக்கு விஷம்.

கோத்தகிரி கூண்டுக்காரன்:
ஒன்று விட்டுப்போயிற்று. பிடுங்கும்போது "ஏய் சுப்பு!" என்று ஓடாதீர்கள். பிடுங்கினால் ஆள் வரும் என்று கற்றுக்கொள்ளும். சும்மா இருக்கிற நேரத்தில் பேச்சுக் கொடுங்கள், கிழித்துப்போடச் சோளத் தோகை கட்டிவிடுங்கள்.

உறைபனி_ஊட்டி:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கோவைக்குப் போய் வந்தோம். கால்சியம் குறைவு, மற்றதெல்லாம் பரவாயில்லை, டாக்டர் சிரப் கொடுத்திருக்கிறார். கூண்டு இப்போது ஹீட்டர் இல்லாத உள் அறையில், மூன்று பக்கமும் கம்பளி. ஏக்கமும் இருக்கிறதுதான் போல: மகள் வீடியோ காலில் வந்தால் திரைக்குத் தலையைக் குனிந்து கொடுக்கிறது, சொறியச் சொல்லி. போன் அணைந்ததும் இரண்டு இறகு போச்சு. அதனால் வீடியோ கால் முடிகிற நேரத்தில் சோளத் தோகையை நீட்டிவிடுகிறேன், அதைக் கிழிக்கிற மும்முரத்தில் மறந்துவிடுகிறது. எப்போதும் இல்லை. மார்பில் கருநீலமாகக் குச்சி குச்சியாய் ஏதோ முளைத்திருக்கிறது, அது இறகா, புண்ணா?

வெலிங்டன் வாசி:
இறகுதான்! உள்ளே ரத்தம் ஓடுவதால் அந்த நிறம். கை வைக்காதீர்கள். அதை உடைத்துக்கொண்டு ரத்தம் வந்தால் சோள மாவை வைத்து அழுத்துங்கள், நிற்கவில்லை என்றால் டாக்டருக்கு உடனே போன் போடுங்கள்.