அரை மணி நேரத்தில் ஏபிஐ இணைத்துவிடலாமாம்!

நொய்யல்கரை (திருப்பூர்) | காலை 9.05

நேற்று ‘அவிநாசி ரோடு’ என்ற பெயரில் ஒருவர் இந்த விவாதப் பக்கத்தில் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவர் எழுதியது இது: “லோ-கோட் ஆப்பில் எந்த வெளி ஏபிஐயையும் அரை மணி நேரத்தில் இணைத்துவிடலாம். இதற்கென்று தனியாக ஆள் வைத்திருப்பவர்கள் காசைக் கரைக்கிறார்கள். இ-இன்வாய்ஸையே மூன்று கம்பெனிகளுக்கு அப்படித்தான் போட்டுக் கொடுத்தேன்.” லோ-கோட் என்றால் அதிகம் நிரல் எழுதாமல் ஆப் செய்வது. ஏபிஐ என்றால் ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வழி. இ-இன்வாய்ஸ் என்றால் ஜிஎஸ்டி பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்வது.

எங்கள் முதலாளி இதை என் மேசைக்கே கொண்டுவந்து காட்டி, “அரை மணி நேர வேலைங்கறாங்க, உனக்கு எப்படி மூணு வாரம் ஆச்சு?” என்று கேட்டார். பின்னலாடைக் கம்பெனியில் 14 வருஷமாக ஈடிபி, அதாவது கம்ப்யூட்டர் வேலை, பார்க்கிறேன். இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதே இல்லை.

அந்த மூன்று வாரத்தில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். நாங்கள் அரசின் இ-இன்வாய்ஸ் தளத்தோடு நேரடியாகப் பேசினோம். முதலில் 32 பைட்டில் நாமே ஒரு சாவி (ரகசியக் குறியீடு) உருவாக்க வேண்டும். அதையும் பாஸ்வேர்டையும் அவர்களுடைய பொதுச் சாவியால் பூட்டி அனுப்பினால் ஒரு டோக்கனும் (தற்காலிக அனுமதிச் சீட்டு), பூட்டிய இன்னொரு சாவியும் வரும். அந்தச் சாவியை நம் சாவியால் திறந்து, அதற்கப்புறம் ஒவ்வொரு இன்வாய்ஸின் ஜேசனையும் (தகவலை எழுதி அனுப்பும் வடிவம்) அதைக் கொண்டு ஏஇஎஸ்-256 முறையில் பூட்டி அனுப்ப வேண்டும். டோக்கனுக்கு 6 மணி நேரம்தான் ஆயுள். எந்த ஐபி முகவரியிலிருந்து கூப்பிடுவோம் என்பதையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். நாங்கள் பயன்படுத்தும் லோ-கோட் கருவியான பவர் ஆப்ஸின் ஃபார்முலாவில் ஏஇஎஸ் போட ஒரு ஃபங்ஷனே கிடையாது. மேகத்தில் (இணையத்தில் உள்ள சர்வரில்) ஓடும் ஆப் எந்த ஐபியிலிருந்து வெளியே போகும் என்பதும் நம் கையில் இல்லை. நடுவில் சொந்தமாக ஒரு சின்ன சர்வர் வைத்துத்தான் முடித்தேன்.

இதில் எதை அரை மணி நேரத்தில் செய்தீர்கள்? சொல்லுங்கள்.

அவிநாசி ரோடு (கோவை) | காலை 9.40

அரை மணி என்று சொன்னால் அரை மணிதான் தம்பி. நான் பொய் சொல்லிப் பிழைக்கிறவன் இல்லை.

நீங்கள் ஏன் நேரடியாகப் போனீர்கள்? ஜிஎஸ்பி என்று அரசு அங்கீகரித்த இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். பூட்டுவது, திறப்பது, டோக்கன் வாங்குவது எல்லாவற்றையும் அவர்களில் பலர் தங்கள் பக்கத்திலேயே பார்த்துக்கொள்கிறார்கள். நாம் வெறும் ஜேசனை அனுப்பினால் போதும், ஐஆர்என்னும் (இன்வாய்ஸின் பதிவு எண்) க்யூஆர் கோடும் திரும்பி வரும். ஸோஹோ கிரியேட்டர் என்ற லோ-கோட் கருவியில், அதன் டெலூஜ் மொழியில் ‘இன்வோக்யூஆர்எல்’ என்று ஒரே ஒரு கட்டளை. முகவரி, ஹெட்டரில் சாவி, உள்ளே ஜேசன். இதற்கு மூன்று வாரமா? வேலை தெரிந்தவனுக்கு அரை மணி.

நொய்யல்கரை | காலை 9.58

முதலில் ஒன்று. நான் தம்பி இல்லை. பெண்.

அடுத்தது, ஜேசனை “வெறும் ஜேசன்” என்கிறீர்கள். இன்வாய்ஸ் நம்பர் 16 எழுத்தைத் தாண்டக் கூடாது. பூஜ்யத்திலோ, சாய்கோட்டிலோ, இடைக்கோட்டிலோ ஆரம்பிக்கக் கூடாது. தேதி நாள்/மாதம்/வருடம் என்றுதான் போக வேண்டும். பின்கோடும் மாநிலக் கோடும் ஒத்துப்போக வேண்டும், நமக்கு 33. ஜாப் ஒர்க் (கூலிக்குச் செய்யும் வேலை) பில் என்றால் சேவைக் குறியீடு 9988 வரிசை, சேவை என்ற இடத்தில் ‘ஒய்’ போட மறந்தால் திரும்பி வரும். எங்களிடம் நிட்டிங் பில் வேறு, காம்பாக்டிங் பில் வேறு, பீஸ் கணக்கு வேறு, கிலோ கணக்கு வேறு. இந்த வித்தியாசத்தையெல்லாம் பொருத்தவே எனக்கு ஒரு வாரம் போயிற்று. இது உங்கள் அரை மணி நேரத்துக்குள்ளா, வெளியிலா?

ஜிஎஸ்பியோடு ஒப்பந்தம் போட்டு, சோதனைச் சாவி வாங்கி, அப்புறம் நிஜச் சாவி வாங்கினீர்களே, அது எதில் சேர்த்தி?

அவிநாசி ரோடு | காலை 10.15

சரிங்க அம்மணி. ஒப்பந்தம் போடுவது இணைப்பு வேலை இல்லை. வாடிக்கையாளர் பட்டியலில் தப்பான பின்கோடு வைத்திருப்பது உங்கள் கம்பெனி வேலை. நான் இணைக்கும் நேரத்தைச் சொன்னேன். அரை மணி.

மெத்தைவிரிப்பு (கரூர்) | காலை 10.22

ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்க. “இணைப்பது” என்று எதைச் சொல்கிறீர்கள்? ஒரு தடவை 200 (சரி) என்று பதில் வந்தால் இணைப்பா, ஒரு மாதம் தடங்கல் இல்லாமல் ஓடினால் இணைப்பா? இதை முடிவு செய்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடுமே.

நொய்யல்கரை | காலை 10.31

அம்மணி என்று எங்கள் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) கூப்பிடட்டும், கேட்டுக்கொள்கிறேன். முகம் தெரியாதவர் ஒரு பெண்ணை விவாதத்தில் அப்படிக் கூப்பிடுவது மரியாதை இல்லை, அடக்குவது.

அவிநாசி ரோடு | காலை 10.34

எங்கள் ஊரில் அது மரியாதையான வார்த்தைதானுங்க. தம்பி என்றாலும் கோபம், அம்மணி என்றாலும் கோபம். அரை மணி என்றாலும் கோபம்.

மஞ்சள்மண்டி (ஈரோடு) | காலை 10.50

எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் கடையில் டேலி கணக்கு மென்பொருள் இருக்கிறது. அது 9000-ஆம் போர்ட்டில் (கம்ப்யூட்டரின் இணைப்பு வாசல்) எக்ஸ்எம்எல் வடிவத்தில் பேசும் என்கிறார்கள். ஆப்ஷீட் என்ற லோ-கோட் ஆப்பில் போடும் ஆர்டரை டேலிக்கு அனுப்ப வேண்டும். கடைக் கம்ப்யூட்டரை வெளியிலிருந்து எப்படித் தொடுவது? யாராவது சொன்னால் நல்லது.

அவிநாசி ரோடு | காலை 11.02

அரை மணி வேலை அண்ணா. தனியாக மெசேஜ் அனுப்புங்கள், பார்த்துக்கொள்ளலாம்.

நொய்யல்கரை | காலை 11.20

பார்த்தீர்களா? கேள்வியை முழுசாகக் கேட்பதற்கு முன்பே அரை மணி. கடைக்குள் இருக்கும் கம்ப்யூட்டரை மேகத்தில் இருக்கும் ஆப் நேராகத் தொட முடியாது. ரவுட்டரில் 9000-ஐத் திறந்துவிட்டால் ஊரே உள்ளே வரும். கடைக் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன நிரல் ஓடி, அது வெளியே போய் ஆர்டரை எடுத்துவந்து டேலிக்குக் கொடுக்க வேண்டும். மின்சாரம் போனால், சாயந்திரம் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போனால், எங்கே விட்டோம் என்று அது நினைவு வைத்திருக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லாமல் “தனியாக மெசேஜ் அனுப்புங்கள்” என்பது ஆள் பிடிக்கிற வேலை.

போன ஆயுத பூஜை சமயத்தில் வருகைப் பதிவு ஆப் பற்றி இங்கே கேட்டேன். அப்போதும் இவர் இதே “தனியாக மெசேஜ்” பதில்தான் போட்டார். கேள்வி இன்னும் பதில் இல்லாமல் கிடக்கிறது. நான் மறக்கவில்லை.

அவிநாசி ரோடு | காலை 11.41

ஆள் பிடிக்க எனக்கு அவசியம் இல்லை. 1937-லேயே ஜி.டி. நாயுடு மோட்டார் செய்து காட்டிய ஊர் எங்களுடையது. உட்கார்ந்து புலம்புகிற பழக்கம் எங்களுக்கு இல்லை, செய்துவிட்டுப் போவோம். திருப்பூர் ஈடிபி ஆட்களைப் பார்த்திருக்கிறேன். எக்ஸெல் ஷீட்டைத் தாண்டி வர மனசே வராது.

நொய்யல்கரை | மதியம் 12.10

ஊரை இழுத்துவிட்டீர்கள், சரி. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது இந்த ஊர் செத்தது என்றார்கள். கழிவுநீரை ஒரு சொட்டு வெளியே விடாமல் சுத்திகரித்து, அதே தண்ணீரைத் திரும்பச் சாயத்துக்கு எடுக்கும் முறையைக் கைக்கொண்டு எழுந்த ஊர் இது. எங்களுக்குக் கஷ்டமான வேலை தெரியும். கஷ்டமான வேலையை அரை மணி என்று சொல்லத்தான் தெரியாது.

எக்ஸெல் என்கிறீர்களே, பவர் ஆப்ஸில் நாமே செய்யும் கஸ்டம் கனெக்டர் (வெளி ஏபிஐயோடு பேசும் இணைப்பான்) பிரீமியம், தனிக் கட்டணம் என்று உங்கள் வாடிக்கையாளரிடம் முதல் நாளே சொன்னீர்களா? பட்டியல் விலை ஒரு ஆளுக்கு மாதம் 20 டாலர். எங்களிடம் லைன் சூப்பர்வைசர்கள் 40 பேர். மாதம் 800 டாலர். இதைக் கணக்குப் போட்டு முதலாளியிடம் ஒப்புதல் வாங்கவே எனக்கு நாலு நாள்.

அவிநாசி ரோடு | மதியம் 12.25

சூப்பர்வைசர் 40 பேருக்கும் எதற்கு லைசென்ஸ்? அங்கேதான் உங்கள் திட்டமே தப்பு. பில் போடுகிற ரெண்டு பேருக்குக் கொடுத்தால் போதும்.

நொய்யல்கரை | மதியம் 12.33

பில்லுக்கு மட்டும் இல்லை. கட்டிங், பவர் டேபிள், செக்கிங், பேக்கிங் எல்லா இடத்திலும் பீஸ் எண்ணிக்கை அதே ஆப்பில்தான் ஏறுகிறது. எங்கள் தளத்துக்குள் வராமலேயே திட்டம் தப்பு என்று சொல்லாதீர்கள்.

சோமனூர்த் தறி | மதியம் 1.15

அக்கா, நான் புதுசு. கூரியர் ஏபிஐ சாவியை ஆப்பின் ஃபார்முலாவுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறேன். ஓடுகிறது. இது தப்பா?

நொய்யல்கரை | மதியம் 1.38

தப்பு தம்பி, இன்றைக்கே மாற்றிவிடு. பவர் ஆப்ஸ் என்றால் ஆப்பை ஏற்றுமதி செய்து அந்தக் கோப்பை விரித்தாலே ஃபார்முலா எழுத்தாகத் தெரியும், சாவியும் கூடவே தெரியும். கனெக்டரின் பாதுகாப்புப் பகுதியில் வை, ஸோஹோ என்றால் கனெக்‌ஷன்ஸ் பகுதி. பழைய சாவியை ரத்து செய்து புதுச் சாவி வாங்கு. வெறுமனே இடம் மாற்றினால் போதாது.

கூரியர் என்றதும் எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். பையருக்கு (துணி வாங்குபவருக்கு) சாம்பிள் பெட்டி அனுப்ப ஒரு ஃப்ளோ (தானாக ஓடும் வேலைத் தொடர்) போட்டிருந்தேன். ஒரு நாள் அங்கிருந்து பதில் வரத் தாமதமானது. பதில் வரவில்லையென்றால் ஃப்ளோ தானாகவே மறுபடி அனுப்பும் என்பதை நான் கவனிக்கவில்லை. ஒரே பெட்டிக்கு மூன்று புக்கிங். மூன்றுக்கும் பில் வந்தது. அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. நாமே ஒரு தனி எண் கொடுத்து, அந்த எண் ஏற்கெனவே போனதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள யாருக்கும் அரை மணி போதாது.

அவிநாசி ரோடு | மதியம் 1.55

இ-இன்வாய்ஸ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம், கூரியருக்கு ஓடிவிட்டீர்கள். இ-இன்வாய்ஸில் இந்தப் பிரச்சினையே கிடையாது. ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, இன்வாய்ஸ் நம்பர், இவற்றிலிருந்துதான் ஐஆர்என் உருவாகிறது. ஒரே இன்வாய்ஸை எத்தனை தடவை அனுப்பினாலும் 2150 என்று பிழை சொல்லி அங்கேயே தடுத்துவிடும். இதுகூடத் தெரியாமல் 14 வருஷமா? என் அரை மணி அப்படியே நிற்கிறது.

நொய்யல்கரை | மதியம் 2.04

2150 எனக்கும் தெரியும். அந்தப் பிழை வந்ததும் உங்கள் ஆப் என்ன செய்கிறது? “பிழை” என்று சிவப்பாகக் காட்டிவிட்டு நிற்கிறதா, முதல் தடவை வந்த ஐஆர்என்னைத் தேடி எடுத்து பில்லில் ஏற்றுகிறதா? சிவப்பைப் பார்த்ததும் பில் போடுகிற பையன் நம்பரை மாற்றி இன்னொரு இன்வாய்ஸ் போட்டுவிடுவான். ரத்து செய்ய 24 மணி நேரம்தான் அவகாசம். அதற்கப்புறம் பில் தொகையைக் கழிக்கும் கிரெடிட் நோட்டுதான். நீங்கள் போட்டுக் கொடுத்த மூன்று கம்பெனிகளில் இது எப்படி இருக்கிறது?

அவிநாசி ரோடு | மதியம் 2.30

அவர்கள் யாரும் இதுவரை என்னிடம் புகார் சொன்னதில்லை.

நொய்யல்கரை | மதியம் 2.32

நான் கேட்டது அது இல்லை.

மெத்தைவிரிப்பு (கரூர்) | மதியம் 2.45

ஒருவர் ஜிஎஸ்பி வழியாகப் போனார், ஒருவர் நேரடியாகப் போனார். ரெண்டும் வேறு வேறு வேலை. காலையிலேயே இதைத்தான் கேட்டேன்.

அவிநாசி ரோடு | மதியம் 2.51

வேலை ஒன்றுதான் அண்ணா. கையில் ஐஆர்என் வர வேண்டும். எனக்கு அரை மணியில் வந்தது. வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை காந்திபுரம் வரட்டும். எல்லோர் முன்னாலும் கடிகாரம் வைத்துச் செய்து காட்டுகிறேன்.

நொய்யல்கரை | மாலை 3.20

வருகிறேன். என் கம்பெனி பில்தான், ஜாப் ஒர்க் பில்லும் ஏற்றுமதி பில்லும் கலந்து 20. சாவி எதுவும் கையில் இல்லாமல் ஆரம்பிக்க வேண்டும். இடையில் இணையத்தை ஒரு தடவை துண்டிப்பேன்.

அவிநாசி ரோடு | மாலை 3.28

சாவி இல்லாமல் எப்படி ஆரம்பிப்பது? சாவி கையில் வந்த பிறகுதான் கடிகாரம் ஓடும்.

நொய்யல்கரை | மாலை 3.30

என் முதலாளியின் கடிகாரம் அப்படி ஓடவில்லையே. அவர் “செய்” என்று சொன்ன நாளிலிருந்து ஓடுகிறது.

அவிநாசி ரோடு | மாலை 3.37

அது உங்கள் முதலாளி பிரச்சினை. அரை மணி.

மஞ்சள்மண்டி (ஈரோடு) | மாலை 4.10

கடைக் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன நிரல் என்றீர்களே, அதை எதில் எழுதுவது?

நொய்யல்கரை | மாலை 4.14

சொல்கிறேனுங்க. கடிகாரம் எப்போது ஓட ஆரம்பிக்கும் என்று அவர் முதலில் பதில் சொல்லட்டும்.