மார்பில் காற்றுப் பையுடன் விமானம் ஏறலாமா?

ஐந்து வாரங்களுக்கு முன் மதுரையில் புற்றுநோய்க்காக இடது மார்பகத்தை அகற்றி, தோலை விரிக்கும் டிஷ்யூ எக்ஸ்பாண்டர் பை வைத்தார்கள். உள்ளே 200 மி.லி. காற்று, அதை எடுத்துவிட்டு உப்புநீர் இன்னும் நிரப்பவில்லை. 18ஆம் தேதி சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நான்கு மணி நேரப் பயணம்.

போன வாரம் கொடைக்கானல் ஏறும்போதே மார்பு இறுகி வலித்தது. வத்தலக்குண்டு இறங்கியதும் விட்டுவிட்டது! விமானத்துக்குள் அழுத்தம் 8,000 அடி உயரத்துக்குச் சமமாகக் குறையலாம். அப்போது பையில் உள்ள காற்று மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியும்.

மருத்துவமனையில் கேட்டேன், "ஒன்றும் ஆகாது" என்றார்கள். மலையில் வலித்ததைச் சொன்னதும் மௌனம். விமான நிறுவனம் மருத்துவரின் கடிதம் கேட்கிறது. பையின் வால்வில் காந்தம் இருப்பதால் பாதுகாப்புச் சோதனைக்கான கடிதம் மட்டும் கையில் இருக்கிறது.

காற்றை எடுத்து உப்புநீர் நிரப்பியவர்கள், எத்தனை நாள் கழித்து விமானம் ஏறினீர்கள்?