மருந்தே கொடுக்காத நாளில் நான்கு நாய்களுக்கும் ரத்த அழுத்தம் இறங்குகிறது, டெலிமெட்ரி தெரிந்தவர்கள் உதவுங்கள்

மண்டபம் டாக்டர்:
விடுப்பில் ஊருக்கு வந்திருக்கிறேன், ஆனால் மனசு சென்னைப் பக்கம் உள்ள ஆய்வகத்திலேயே இருக்கிறது. புது மருந்துகள் இதயத்தைப் பாதிக்கின்றனவா என்று பார்க்க, பீகிள் நாய்களின் உடலுக்குள் வைத்த, ரத்த அழுத்தத்தையும் துடிப்பையும் கம்பியில்லாமல் அனுப்பும் டிரான்ஸ்மிட்டர்களைச் (இதைத்தான் டெலிமெட்ரி என்கிறோம்) சரிபார்க்கிறோம். க்யூடி இடைவெளியை (ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் கீழறைகள் சுருங்கி, மறுபடி தயாராக எடுக்கும் நேரம்) நீட்டும் என்று தெரிந்த ஆன்டிபயாடிக்கான மாக்ஸிஃப்ளாக்ஸசினைச் சோதனைக்காகக் கொடுத்த அன்று அது எதிர்பார்த்தபடி நீண்டது. அடுத்த வாரம் மருந்து கலக்காத வெறும் கரைசல் மட்டும் கொடுத்த நாளில் நான்குக்கும் சராசரி ரத்த அழுத்தம் 6 மி.மீ. பாதரசம் குறைவு. உள்ளே இருக்கும் சென்சார் கெட்டுவிட்டது, திறந்து மாற்றிவிடலாம் என்கிறார்கள் ஆய்வகத்தில். ஆறின புண்ணை மறுபடி கீற எனக்கு மனசு வரவில்லை. வேறு காரணம் இருக்குமா?

தொண்டி அக்கா:
கத்தியை எடுக்காதீர்கள் தம்பி. மேல் அழுத்தம், கீழ் அழுத்தம் இரண்டும் ஒரே அளவு இறங்கியதா? துடிப்பு ஏறியதா?

மண்டபம் டாக்டர்:
இரண்டும் 6தான் அக்கா. துடிப்பு அப்படியே இருக்கிறது.

தொண்டி அக்கா:
அப்படியானால் நாய்களுக்கு ஒன்றுமில்லை. நிஜமாகவே அழுத்தம் இறங்கினால் உடம்பு பெரும்பாலும் துடிப்பைக் கூட்டி ஈடுகட்டப் பார்க்கும். சென்சார் பிசகினாலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் மெல்லப் பிசகும், நான்கும் பேசிவைத்ததுபோல ஒரே நாளில் பிசகாது. உள்ளே இருக்கும் சென்சார் வெளிக் காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தே அளக்கிறது, அதைக் கழிப்பதற்கென்று அறையில் ஒரு காற்றழுத்தமானி இருக்குமே, அது ஓடியதா?

பாம்பன்காரர்:
மருத்துவம் தெரியாது, நாங்கள் கடலுக்குப் போகிற வீடு. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று இங்கே கூண்டு ஏற்றி, கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்காமல் நிறுத்தினார்களே, அந்த வாரமா?

மண்டபம் டாக்டர்:
அதே வாரம்தான் அண்ணே!

தொண்டி அக்கா:
தாழ்வு மண்டலம் வந்தால் காற்றழுத்தம் இறங்கும்; 8 மில்லிபார் குறைந்தாலே 6 மி.மீ. பாதரசம், கணக்கு ஒத்துவருகிறது. சாதாரண நாளிலும் நம் பக்கம் காற்றழுத்தம் காலை 10 மணி வாக்கில் உச்சம், மாலை 4 மணிக்குப் பள்ளம், சுமார் 2 மி.மீ. வித்தியாசம் வரும். காலையில் டோஸ் கொடுத்துவிட்டு மாலையில் பார்த்தால் மருந்து செய்த வேலை மாதிரியே தெரியும். விமான நிலையத்தின் காற்றழுத்தப் பதிவைப் பார்த்துக் காரணத்தை உறுதி செய்யலாம், ஆனால் அந்த எண்ணைக் கழித்து அறிக்கையில் ஏற்றாதீர்கள். அந்த ஒரு நாளை மட்டும் திரும்பச் செய்து, நடந்ததை நடந்தபடி எழுதிவையுங்கள்.

மண்டபம் டாக்டர்:
ஆய்வகத்தில் காற்றழுத்தமானியின் பதிவைத் திறந்து பார்த்தார்கள். அந்த வாரம் திங்கள் முதல் வெளிக் காற்றழுத்தம் 760 மி.மீ. என்று நேர்கோடாகவே நிற்கிறது. வயர் கழன்றிருக்கிறது, மென்பொருள் தானாக ஒரே எண்ணைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது மாட்டியாகிவிட்டது, அறுவை வேண்டாம் என்று ஒத்துக்கொண்டார்கள். வியாழன் மறுபடி வெறும் கரைசல் கொடுக்கிறோம், நான் புதன் ராத்திரி வண்டியில் ஏறுகிறேன்.