புதுப்பிப்பு: அம்மாவின் முழங்காலுக்குக் கரண்ட் வைத்தது

இரண்டு மாதம் முன்பு இங்கே கேட்டிருந்தேன்: குடியாத்தத்தில் இருக்கும் அம்மாவுக்கு 64 வயது, இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம், கரண்ட் வைத்தால் சரியாகுமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் போன இடத்தில் டென்ஸ் வைத்தார்கள். தோலில் பட்டை ஒட்டி, குறுகுறுவென்று மின்சாரம் விடுவது. அந்தக் குறுகுறுப்பு தண்டுவடத்தில் வலிச் செய்தியை மறிக்கும் என்பதற்கு அடிப்படை, 1965-இல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்ன 'கதவு' கோட்பாடு. மெஷின் ஓடும்வரை அம்மாவுக்குச் சுகம். வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்றால் அதே வலி. தேய்ந்த குருத்தெலும்பு வளரும் என்று அங்கே ஒருவர் சொன்னதுதான் எனக்குக் கோபம். இதில் வளராது. அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் அமைப்பின் (ACR) 2019 வழிகாட்டுதல், முழங்கால் தேய்மானத்துக்கு டென்ஸ் வேண்டாம் என்கிறது, உடற்பயிற்சியை வலியுறுத்துகிறது.

அப்புறம் காட்பாடியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அக்காவிடம் போனோம். அவர் தொடையின் முன்தசையில் பட்டை வைத்தார். இது வேறு வகை, தசையையே சுருங்க வைப்பது. "கரண்ட் இழுக்கும்போது நீங்களும் சேர்ந்து இறுக்குங்கம்மா" என்பார். வலிக்குப் பயந்து அம்மா மறந்தே போயிருந்த தசை அது. எப்படி இறுக்குவது என்று திரும்பப் பிடிபட்டது. மூன்றாவது வாரத்திலிருந்து மெஷின் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டும் பயிற்சி, தினம் இரண்டு வேளை.

நேற்று கை ஊன்றாமல் எழுந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரத்தினகிரி முருகன் கோயில் படி ஏறணும் என்கிறார், இப்போதைக்கு வேண்டாம் என்றிருக்கிறோம்.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தக் கருவிகளைத் தொடாதீர்கள்.