சென்னை வானத்தில் அரை மணி நேரச் சுற்று: பரந்தூர் வேண்டுமா?

குன்னூர் குளிர்:
போன வாரம் விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினேன். பனிமூட்டத்தில் பர்லியார் வரைக்கும் முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கைப் பார்த்தே இறங்கி, கோவையில் விமானம் பிடித்தேன். சென்னைக்கு மேலே இறங்க இடமில்லை என்று அரை மணி நேரம் சுற்றினார்கள். ஒரே ஏரியை ஜன்னலில் மூன்று தடவை பார்த்தாயிற்று. பரந்தூரில் சென்னைக்காகத் திட்டமிட்டிருக்கும் இரண்டாவது விமான நிலையம் சீக்கிரம் வரட்டும்.

கோத்தகிரி தோட்டக்காரர்:
நீ அரை மணி நேரம் சுற்றியதற்கு 5,000 ஏக்கருக்கு மேல் வேண்டுமா தம்பி? அங்கே நிலம் போகிற ஏகனாபுரம் சனங்கள் 2022லிருந்து போராடுகிறார்கள். மீனம்பாக்கத்தில் 2023ல்தான் புது முனையம் திறந்தார்களே, அது எதற்கு?

குன்னூர் குளிர்:
அண்ணா, முனையம் ஆட்கள் நிற்கிற இடம். நெருக்கடி ஓடுபாதையில். அங்கே இரண்டு உண்டு, ஆனால் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. ஒன்றில் விமானம் இறங்கும்போது மற்றதில் இருப்பது காத்து நிற்க வேண்டியதுதான். இணையாக இன்னொன்று போட இடமேது? பக்கத்தில் பரங்கிமலை, அடையாறு, சுற்றிலும் வீடுகள். சின்ன ஓடுபாதையை ஆற்றின் மேல் பாலம் கட்டித்தான் நீட்டினார்கள்.

மஞ்சூர் மணி:
அந்த ஆறுதான் 2015 டிசம்பரில் உள்ளே வந்தது. விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. ஏரியைத் தூர்த்துப் பரந்தூரில் கட்டினாலும் அதே கதைதான்.

கோத்தகிரி தோட்டக்காரர்:
நம் மலையையே பாருங்கள். வண்டி தாங்கவில்லை என்று 2025ல் உயர் நீதிமன்றம் வார நாளில் தினம் 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 என்று வெளியூர் வண்டிக்கான அனுமதிச் சீட்டான இ-பாஸுக்கு வரம்பு போட்டது. அதற்காக இரண்டாவது ஊட்டியா கட்டினார்கள்?

குன்னூர் குளிர்:
நம் ஊர் வண்டிக்கு விலக்கு இருப்பதால் அந்த வரம்பு உங்களுக்கு இனிக்கிறது. கல்லாறு சோதனைச் சாவடியில் உங்கள் ஜீப்பை நிறுத்தியிருந்தால் தெரியும்.

கோத்தகிரி தோட்டக்காரர்:
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ சென்னைக்குப் போனதே வெளிநாட்டு விமானம் மாறத்தானே? கோவை ஓடுபாதை 2,990 மீட்டர். அதை நீட்ட நிலம் எடுக்கவே பத்து வருஷத்துக்கு மேல் இழுத்தார்கள். முதலில் அதை முடித்து, பெரிய விமானம் அங்கிருந்தே பறந்தால் உனக்கு மீனம்பாக்கம் எதற்கு?

குன்னூர் குளிர்:
கோவையை நீட்ட வேண்டாம் என்றா சொன்னேன்? சென்னைக்காரர்களுக்கு என்ன வழி?

கோத்தகிரி தோட்டக்காரர்:
பரந்தூர் அவர்களுக்கு 70 கிலோமீட்டர். நாம் மலையிறங்கிக் கோவை விமான நிலையம் போகிற தூரம். அவர்களும் மூன்று மணிக்கு எழுந்திருக்கட்டும் என்கிறாயா?